வெப்ப விண்மீனின் வாயுவும் அதன் சிறு துணையும்

(காரைக்குடியில், ஒரு வளவின் முற்றத்தில், மார்கழி முன்னிரவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, மாணவர்களே, வணக்கம்.

இம்முற்றத்திலிருந்து வடக்கே பார்த்தால், ஓட்டுச் சாய்ப்புக்கு மேலே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் காசியோப்பியா என்னும் விண்மீன் கூட்டத்தின் நடு விண்மீன் தெரியும். 1866-இல் உரோமில் ஆஞ்செலோ செக்கி என்னும் பாதிரியார் அதன் ஒளியைப் பிரித்து நோக்கியபோது, பிற விண்மீன்களில் கறுத்துத் தோன்றும் ஹைட்ரஜன் கோடு அதில் ஒளிர்வதைக் கண்டார். கடுவேகத்தில் தற்சுழலும் அவ்விண்மீன், தன் நடுக்கோட்டுப் பகுதியிலிருந்து கசியும் வாயுவைத் தன்னைச் சுற்றி ஒரு வட்டாகத் தேக்கி வைத்திருப்பதே அவ்வொளிர்வுக்குக் காரணம். இவ்வகையை 'பி-இ' விண்மீன்கள் என்பர்.

அப்படிப்பட்ட விண்மீனுக்கு, வெடித்த பெரு விண்மீனின் எஞ்சிய அடர்கருவான ஒரு நியூட்ரான் விண்மீன் துணையாக அமைந்தால் வட்டு என்னவாகும்? துணையின் குறுக்களவு இருபதுக்குச் சற்று மேற்பட்ட கிலோமீட்டர்தான். இங்கிருந்து தேவகோட்டைக்குப் போகும் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் அதன் நிறை சூரியனைவிட அதிகம். வட்டின் வாயு வெளிநோக்கிப் பரவ வேண்டுமானால் அதற்குக் கோண உந்தம், அதாவது சுற்றி வரும் இயக்கத்தின் உந்தம், வேண்டும். துணையின் ஈர்ப்போ, தன் சுற்றுக்கு ஒத்திசையும் சில தொலைவுகளில் அவ்வுந்தத்தைத் திரும்பத் திரும்பப் பறித்துக்கொள்வதால், வாயு அங்கே தடைபட்டு உட்புறம் அடர்கிறது. ஊருணிக் கரை நீரைத் தேக்குவதைப் போல என்று சொல்ல நா எழுகிறது. ஆனால் கரை நின்ற இடத்தில் நிற்கும், இதுவோ சுற்றி வருகிறது. சுற்றுக்காலம் குறுகிய இரட்டை விண்மீன்களில், வட்டு உமிழும் சிவப்பு ஹைட்ரஜன் கோடான ஹைட்ரஜன் ஆல்ஃபா பெரிதாக வலுப்பதில்லை என்று நோக்கீடுகள் காட்டுவது, வட்டு அங்கே நறுக்கப்பட்டிருப்பதற்குச் சான்று.

துணை ஈர்ப்பால் மட்டும் செயல்படுவதில்லை. ஃபை பெர்சி என்னும் பி-இ விண்மீனை ஏறத்தாழ 127 நாளுக்கொரு முறை சுற்றும் வெப்பக் குறுமீன் (சிறு விண்மீன்), தன்னை நோக்கியிருக்கும் வட்டின் விளிம்பைப் புறஊதாக் கதிரால் சூடேற்றுகிறது. முன்னொரு காலத்தில் தன் உறையையே கொடுத்துப் பெரியவரை வேகமாகச் சுழல வைத்ததும் இக்குறுமீன்தான் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி.

வட்டில்லாத இடத்திலும் துணை இப்படி வாயுவைப் பாதிக்கிறது. வேலா எக்ஸ்-1 என்னும் இரட்டையில் நியூட்ரான் விண்மீன், பெருமீனிலிருந்து (பெரு விண்மீனிலிருந்து) வீசும் வாயுக் காற்றுக்குள்ளேயே மூழ்கியபடி 9 நாளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஒரு சுற்று வருகிறது. அக்காற்றை உந்துவது, அதிலுள்ள அயனிகள், அதாவது எலக்ட்ரான் இழந்த அணுக்கள், விழுங்கும் புறஊதா ஒளி. துணையின் எக்ஸ் கதிர்கள் அவ்வயனிகளின் எலக்ட்ரான்களை மேலும் உரித்துவிடவே, ஒளியைப் பிடிக்கும் திறன் குன்றிக் காற்று தளர்கிறது. துணையின் பின்னே அடர்ந்த வாயு வால்போல் நீள்கிறது. சுற்றின் பிற்பாதியில் அவ்வால் நமக்கும் துணைக்கும் இடையே வந்து விழுவதால், பெருமீன் மறைப்பதற்கு முன்னரே ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிர்கள் மங்கத் தொடங்குகின்றன.