ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு யார் ஊட்டுவது?

(சேலம் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பசி என்றதும் எலும்பும் தோலுமான குழந்தைதான் நம் கண்முன் வருகிறது. நம் தெருவில் அப்படி ஒரு பிள்ளையும் இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தமிழ்நாட்டில் 25 சதவீதம். நாலு பிள்ளைக்கு ஒரு பிள்ளை, ஐயா! அந்தப் பிள்ளையைத்தான் "அப்பனாட்டம் குட்டை" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம்.

காமராசர் மதிய உணவு தந்த நாடு இது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தந்தார். 2022 முதல் காலை உணவும் வந்துவிட்டது. ஆனால் வளர்ச்சி தடைபடுவது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். பள்ளிக்கூடத்துச் சோறு அந்தப் பிள்ளைக்கு எட்டாது.

ஏற்காட்டுத் தோட்டத்துக்குக் காப்பி பறிக்கப் போகும் தாயை நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் மலையேறுகிறாள். கைக்குழந்தை பாட்டியிடம். ஒன்பது மாதம் தாண்டிய பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளை ஊட்ட வேண்டும். அதன் இரைப்பை அவ்வளவு சிறியது. கிடைப்பதோ இரண்டு வேளை நீர்த்த கஞ்சி. வயிறு நிரம்பும், பிள்ளை அழாது, ஆகவே யாருக்கும் தெரியாது. நம் மாவட்டத்துக் குச்சிக்கிழங்கும் ஜவ்வரிசியும் மாவுச்சத்துதான். சதை வளர்க்கும் புரதம் அவற்றில் மிகக் குறைவு. பருப்பும் முட்டையும் வேண்டும். ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பும் நாமக்கல் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது!

"தாய்க்கு விவரம் போதாது" என்று மேடையேறிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவளுக்கு இல்லாதது நேரமும் காசும். வேலை செய்யும் இடத்திலேயே பிள்ளைக் காப்பகம் இருந்தால், அவளே வந்து ஊட்டிவிட்டுப் போவாள்.

பால்வாடியில் ஒரு நாடா உண்டு. ஆறு மாதம் நிறைந்த பிள்ளையின் புஜத்தைச் சுற்றி அளக்கிறார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு. தள்ளிப்போடாமல் சிகிச்சை தர வேண்டும். பிள்ளையின் எடை, உயரம், புஜச் சுற்றளவு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வருகிற கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அதில் சிவப்பில் எத்தனை, அவர்களுக்கு என்ன செய்தீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.