அண்ணன் லீவு எடுத்தா தம்பியும் எடுப்பாரா? நார்வேயில கிடைச்ச பதில்!

வணக்கம் மக்களே! 1993 மார்ச் 31, நார்வேயில ஒரு குழந்தை பிறக்குதுன்னு வச்சுக்கங்க. மறுநாள், ஏப்ரல் 1, இன்னொரு குழந்தை. இந்த ஒரு நாள் வித்தியாசத்துல, ரெண்டாவது குழந்தையோட சித்தப்பா கூட பின்னாடி தன் பிள்ளையைப் பார்த்துக்க லீவு போட்டிருக்க வாய்ப்பு அதிகம். எப்படி? வாங்க பார்க்கலாம்.

சின்ன பின்னணி. 1974-லயே ஸ்வீடன் அப்பா, அம்மா ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிற மாதிரி சம்பளத்தோட லீவு கொண்டு வந்துடுச்சு. நார்வேயிலயும் அப்பாக்கள் எடுக்கலாம்னு சட்டம் இருந்தது. எடுத்தவங்க? நூத்துக்கு மூணு பேர்!

அப்பதான், 1993 ஏப்ரல் 1-லிருந்து பிறக்கிற குழந்தைகளோட அப்பாக்களுக்குன்னு ஒரு சட்டம் வந்தது. நாலு வாரம் அப்பாவுக்குன்னே ஒதுக்கிட்டாங்க. அவர் எடுக்கலைன்னா அந்த நாலு வாரம் குடும்பத்துக்கே கிடைக்காது, அம்மா பேர்ல மாத்தவும் முடியாது. அங்க ஜனங்க இதை 'பப்பாபெர்ம்'னு சொல்றாங்க.

(திரையில்: 3% → 35% → 2006-ல 70%)

உடனே 35 சதவீதம் பேர் எடுத்தாங்க. சரி, அதுக்கப்புறம் 70 வரைக்கும் எப்படி ஏறிச்சு? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஸ்கிப் பண்ணிடாதீங்க!

அண்ணன் லீவு எடுத்தார், தம்பியும் எடுத்தார். உடனே அண்ணனைப் பார்த்துத்தான் தம்பி எடுத்தார்னு சொல்லிட முடியுமா? ஒரே வீட்ல வளர்ந்தவங்க, ரெண்டு பேருக்குமே குழந்தைன்னா உசிரா இருக்கலாம் இல்லையா? கோர்டன் டால், காட்ரின் லோக்கன், மாக்னே மோக்ஸ்டாட்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை அவிழ்க்க அந்தத் தேதியைப் பிடிச்சாங்க. குழந்தை ஏப்ரல் 1-க்குக் கொஞ்சம் முன்னாடி பிறந்ததா, கொஞ்சம் பின்னாடி பிறந்ததாங்கிறது கிட்டத்தட்ட அதிர்ஷ்டம். அப்புறம் அந்த அப்பாக்களோட சகோதரர்களையும் கூட வேலை பார்த்தவங்களையும் தேடிப் போனாங்க. இவங்களுக்குக் குழந்தை பிறந்தது சட்டம் வந்த பிறகு. அதனால உரிமை எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா தனக்கு முன்னாடி ஒருத்தர் சட்டத்தால லீவு எடுத்திருந்தா, கூட வேலை பார்க்கிறவர் எடுக்கிற வாய்ப்பு 11 சதவீதப் புள்ளி கூடுது. சகோதரர்னா 15!

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. லீவு இருக்குன்னு அவருக்குத் தெரியும். தெரியாதது வேற. நாலு வாரம் கழிச்சு வந்தா நம்ம சீட் இருக்குமா? ப்ரமோஷன் போயிடுமா? பக்கத்து சீட்காரர் போயிட்டு வந்து, அதே சீட்ல உட்கார்ந்து, அதே வேலையைப் பார்க்கிறாரு. ஆபீஸ்ல ஒண்ணும் ஆகலை. அதைக் கண்ணால பார்த்த பிறகுதான் இவருக்குத் தைரியம் வருது. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருத்தர்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. லீவு எடுத்தவர் பெரிய மேனேஜரா இருந்தா, சாதாரண ஊழியர் எடுத்ததைவிட ரெண்டரை மடங்கு தாக்கம்! கல்யாணப் பந்தியில முதல் இலையில உட்கார எல்லாருக்கும் கூச்சம். பெரியவர் ஒருத்தர் உட்கார்ந்துட்டார்னா வரிசை நிறைஞ்சிடும். அதே கதைதான்.

ஜெர்மனியும் 2007-ல ரெண்டு மாசம் இப்படி ஒதுக்கிச்சு, அங்கயும் அப்பாக்கள் எண்ணிக்கை எகிறிச்சு.

அப்போ பழக்கம் வந்தாச்சு, இனி சட்டம் எதுக்குன்னு கேட்கலாம். அதுக்கும் நார்வேயிலயே பதில் இருக்கு. 2013-ல அப்பா பங்கை 14 வாரமா உயர்த்தினாங்க. 2014-ல 10-ஆ குறைச்சாங்க. அப்பாக்கள் எடுத்த நாட்களும் கூடவே குறைஞ்சிடுச்சு! 2018-ல 15 வாரமாக்கினாங்க.

என் கருத்து இதுதான்: அப்பாவுக்கு லீவு தர்ற கம்பெனிகள் மெயில்ல அறிவிச்சா மட்டும் போதாது, மேனேஜர் முதல்ல எடுக்கணும். நார்வேயில இருக்கிற நம்ம தமிழ் அப்பாக்களே, நீங்க பப்பாபெர்ம் எடுத்தீங்களா? உங்களுக்கு முன்னாடி ஆபீஸ்ல யார் எடுத்தாங்க? கமென்ட்ல அவசியம் எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிக்கிறேன். அடுத்த வீடியோ ஃபின்லாந்து பத்தி. சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க!