சாவியைத் தொடாதீர்கள்: பல வருடம் நின்ற கிளாசிக் காரை மறுபடி ஓடவைப்பது

(காட்சி: தார்ப்பாய் போர்த்திய கார். ஒரு கை ஓரத்தைப் பிடித்து இழுக்கிறது. தூசி பறக்கிறது.)

வணக்கம். இந்தக் கார் என் கைக்கு வந்து இன்று மூன்றாவது நாள். பன்னிரண்டு வருடமாக ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. விற்றவர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "கடைசியா நிறுத்தினப்ப நல்லாத்தான் ஓடிச்சு." பழைய கார் விற்கும் எவரும் சொல்லும் வாக்கியம் இது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நன்றாக ஓடுகிற வண்டியை யார் பன்னிரண்டு வருடம் போர்த்தி வைப்பார்கள்? ஏதோ ஒன்று அதை நிறுத்தியிருக்கிறது. ஆகவே நமக்கு இரண்டு வேலை. சும்மா நின்றதால் வந்த கோளாறுகளைச் சரிசெய்ய வேண்டும். அன்று எதனால் நின்றது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

புது பேட்டரி மாட்டி ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் எப்போதோ வடிந்துபோயிருக்கும். பிஸ்டன் ரிங் சுவரோடு லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஏதாவது ஒரு வால்வு திறந்தபடியே இறுகியிருக்கலாம். செல்ஃப் மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது. அது முழு பலத்தோடு சுற்றும். உடைவது ரிங்காக இருக்கும், வளைவது வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடாக இருக்கும். ஒரு நாள் பொறுத்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய இன்ஜின்கள் இப்படித்தான் பிரிக்கப்படும் நிலைக்கு வருகின்றன.

(காட்சி: பானெட் திறக்கிறது. டார்ச் வெளிச்சம் மெதுவாக நகர்கிறது.)

பானெட்டைத் திறந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா பாருங்கள். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றுங்கள். எலி கூடு கட்டியிருந்தால் அநேகமாக அங்கேதான் இருக்கும். சைலன்சர் குழாயின் வாய்க்குள்ளும் டார்ச் அடியுங்கள். ஒயர்களில் பல் தடம் இருக்கிறதா? ஒன்று கடிபட்டிருந்தால் பக்கத்தில் இன்னும் நான்கு இருக்கும்.

இந்தக் காரில் என் கண்ணில் பட்டது வேறு. இன்ஜின் முழுக்கக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும். நடுவே காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பெட்ரோல் பம்பும் மற்றதைவிடப் புதிது. அந்த வோல்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும் அப்படித்தான். யாரோ எதையோ தேடி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அடுத்து ஆயில். அளவுக்கம்பியை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; சிலிண்டர்களுக்கும் மேல்மூடிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். பெட்ரோல் வாடை அடித்தால் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து பெட்ரோல் கீழே இறங்கியிருக்கலாம். எப்படியிருந்தாலும் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். இதையும் கொஞ்ச நேரம் ஓடியபின் மாற்றப்போகிறோம். அதனால் இப்போதைக்கு விலை உயர்ந்த ஆயில் தேவையில்லை.

(காட்சி: ஸ்பார்க் பிளக் கழற்றும் கை. ஒயர்களில் 1, 2, 3, 4 என்று எழுதிய டேப்.)

பிளக்குகளைக் கழற்றுவதற்கு முன் ஒயர்களில் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். வரிசை மாறினால் இன்ஜின் இருமும், வெடிக்கும், ஓடாது. பெரும்பாலான நாலு சிலிண்டர் இன்ஜின்களில் பொறி பாயும் வரிசை 1-3-4-2. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் 1-4-3-2. நினைவை நம்பாமல் டேப்பை நம்புங்கள்.

ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு ஸ்பூன் மெல்லிய ஆயில் விட்டு, ஒரு இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் முன்பக்கப் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். பிளக் இல்லாததால் கம்ப்ரெஷன் எதிர்க்காது, சுலபமாக வர வேண்டும். வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், நாளைக் கூட்டுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மறுபடி விட்டுக் காத்திருங்கள். தினமும் முன்னும் பின்னும் ஒரு சின்ன அசைவு போதும். எனக்கு ஒரு இன்ஜின் இளகப் பத்து நாள் ஆனது. பதினோராம் நாள் நீளமான குழாயை ஸ்பேனரில் செருகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை.

சுற்ற ஆரம்பித்ததும் வால்வு மூடியையும் திறந்து வைத்துக்கொண்டு சுற்றுங்கள். ஒவ்வொரு வால்வும் இறங்கி மறுபடி மேலே வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் அதை அழுத்தும் ராக்கர் தொளதொளவென்று ஆடும். எண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

(காட்சி: பேட்டரி முனைகள், நெருக்கத்தில்.)

இப்போதுதான் பேட்டரி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய பழக்கத்தில் மைனஸைப் பாடியில் மாட்டினால் ரேடியோ போகும். பின்னால் யாராவது ஆல்டர்னேட்டர் பொருத்தியிருந்தால் அதன் டயோடும் போகும். வோல்ட்டையும் பாருங்கள். எல்லாப் பழைய காரும் 12 வோல்ட் இல்லை. பீட்டிலே வெகுகாலம் 6 வோல்ட்டில்தான் ஓடியது. இணைத்தபின் பத்து நிமிடம் அருகிலேயே இருங்கள். எந்த ஒயராவது சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அலமாரிக்குள் இருந்து பயனில்லை.

பிளக் இல்லாமலே, காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, செல்ஃபை அடியுங்கள். ஐந்தாறு நொடி, பிறகு ஓய்வு. ஆயில் பிரஷர் முள் ஏறும் வரை, அல்லது அந்தச் சிவப்பு விளக்கு அணையும் வரை. பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச்சேர்ந்த பிறகுதான் இன்ஜினுக்கு நெருப்பு.

நெருப்பு எங்கிருந்து வருகிறது? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, பாயின்ட் என்போம். அது மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடுகிறது. திறக்கும் கணத்தில் அந்தக் கரண்ட் அறுபட, காயிலின் இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. பேட்டரியை வைத்து இப்படிப் பொறி எழுப்பும் முறையைக் காருக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். 1912 காடிலாக்கில் செல்ஃப் மோட்டாரைக் கொண்டுவந்தவரும் அவரே. அதற்கு முன் பெரும்பாலும் இன்ஜினைக் கையால் சுற்றும் கைக்கம்பிதான். உங்கள் காரோடு கைக்கம்பி வந்திருந்தால் ஒரு எச்சரிக்கை: கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். கம்பியைச் சுற்றிப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும்.

நின்ற காரில் பொறி வராததற்கு முக்கால்வாசி நேரம் காரணம் இந்தப் பாயின்ட்டின் முகத்தில் படிந்த மெல்லிய படலம்தான். நைசான உப்புத்தாளை ஒரு தடவை நடுவே இழுத்து, பிறகு சுத்தமான காகிதத்தால் துடையுங்கள். இடைவெளி மேனுவலில் இருக்கும். பல நாலு சிலிண்டர் இன்ஜின்களில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டி வரும். இந்தக் காரில் இவ்வளவும் செய்து, ஒரு பிளக்கை இன்ஜின்மேல் சாய்த்து வைத்துச் சுற்றினேன். நீலப் பொறி. ஆக, வண்டி நின்றது இதனால் இல்லை.

(காட்சி: கண்ணாடிப் பாட்டிலில் பழைய பெட்ரோல். பக்கத்தில் புதியது. நிற வித்தியாசம்.)

இடது பக்கம் இருப்பதும் ஒரு காலத்தில் பெட்ரோல்தான். லேசான பகுதிகள் ஆவியாகிவிட்டன. மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகிக்கொண்டிருக்கிறது. மணந்தால் வார்னிஷ் வாடை. எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் மோசம். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டாங்கின் அடியில் உட்காரும். பெட்ரோல் உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது? அதே அடியில். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் அரிக்கும். ஆகவே பார்க்க நன்றாக இருந்தாலும் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். சூடான இன்ஜின்மேல் சொட்டும் பெட்ரோலோடு பேரம் பேச முடியாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு டாங்கையே நம்ப வேண்டாம். பெட்ரோலுக்கென்றே செய்த சின்னக் கேனில் புதுப் பெட்ரோல் ஊற்றி, அதிலிருந்து நேராகப் பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். கேன் இன்ஜின் சூட்டுக்கும் பொறிக்கும் தள்ளி இருக்கட்டும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் பச்சையும் பழுப்புமாகப் படிந்திருக்கும். பெட்ரோல் வரும் ஜெட் துளையில் கம்பி விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். கிளீனர் அடித்து ஊதினால் போதும்.

ஈயம் கலந்த பெட்ரோல் பற்றிக் கேட்பீர்கள். அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு ஈயம்தான் கவசம். 2021இல் அல்ஜீரியா நிறுத்தியதோடு கார்களுக்கான அந்தப் பெட்ரோல் உலகத்தில் எங்குமே இல்லாமல் போனது. நல்லதுதான். மெதுவாக, குறைந்த தூரம் ஓட்டுபவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். நெடுஞ்சாலையில் விரட்டுவதாக இருந்தால் அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கெட்டியான வால்வு சீட் போட்டுக்கொள்ளலாம்.

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் தரையைப் பாருங்கள். ஃபேன் பெல்ட்டை ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள். அவ்வளவுதான்.

(காட்சி: கார் திறந்தவெளியில். சாவி திரும்புகிறது. மூன்றாவது முயற்சியில் இன்ஜின் பிடிக்கிறது. புகை.)

கட்டாயம் திறந்தவெளியில். மூடிய ஷெட்டுக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இந்தப் புகையைக் கண்டு பயப்படாதீர்கள், அது நாம் சிலிண்டரில் விட்ட ஆயில். சில நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்காமல் நீலமாகவே வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சூடான பிறகும் வெள்ளையாக, அடர்த்தியாக வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் பிரஷர் பத்து நொடிக்குள் வராவிட்டால் உடனே அணையுங்கள்.

ஓடிவிட்டது. இந்த நிமிடம்தான் ஆபத்து. ஓடுகிற காரைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். பிரேக் பார்க்காமல் ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள்.

(காட்சி: ஸ்டாண்டுமேல் கார். வீல் டிரம் கழற்றப்படுகிறது.)

ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடும். அதே ஈரம் வீல் சிலிண்டரையும் உள்ளிருந்து துருவேற்றும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும்; உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை அழுத்தினால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே நிற்கும்.

அப்புறம் இன்னொன்று. 1960களின் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போச்சு. ஆகவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இதில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் காரில் ஏற மாட்டேன். டயரும் அப்படித்தான். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதைக் கழற்றிவிடுங்கள்.

(காட்சி: சாலை. கார் மெதுவாகப் போகிறது.)

டாங்கை இறக்கிக் கழுவி, மறுபடி மாட்டி, கேனைத் தூக்கி வைத்துவிட்டு ஓட்டினேன். பதினைந்து நிமிடம் அருமையாகப் போனது. பிறகு மூச்சுத் திணறி நின்றது. ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மறுபடி சாவி போட்டேன். ஓடியது. பதினைந்து நிமிடம். மறுபடி நின்றது.

அந்தப் புதுக் காயில் நினைவிருக்கிறதா? புதுப் பம்பு? சூடானால் நிற்கும் கார் என்று நினைத்தால் எவரும் முதலில் கைவைக்கும் இடங்கள் அவை. ஆனால் கேனில் ஓடியபோது ஒரு மணி நேரம் நிற்கவே இல்லையே. இறங்கிப் பின்பக்கம் போய் டாங்க் மூடியைத் திருகினேன்.

(ஒலி: "உஸ்ஸ்ஸ்.")

உள்ளே போன காற்று அது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக இந்த மூடியில் ஒரு பொடித் துளை உண்டு. யாரோ மூடிக்குப் பெயின்ட் அடித்தபோது அதுவும் அடைபட்டிருக்கிறது. டாங்குக்குள் வெற்றிடம் ஏற ஏற, பம்பால் இழுக்க முடியவில்லை. நின்ற பிறகு காற்று எப்படியோ கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடியது.

தையல் ஊசியால் துளையைக் குத்திவிட்டு வீடு வரை ஓட்டினேன். நாற்பது நிமிடம். நிற்கவில்லை.