ஏழரைச் சனியும் எட்டாங்கிளாஸ் கணக்கும்

நடுவர் அவர்களுக்கு வணக்கம், சபைக்கு வணக்கம். தலைப்பு உங்களுக்கே தெரியும்: பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டிக்கொடுப்பது தொலைநோக்கியா, தொன்மக் கதையா? நான் கதைக் கட்சி.

எதிரணித் தலைவி அம்மா போறபோக்குல ஒரு குண்டு போட்டுட்டுப் போய் உட்கார்ந்திருக்காங்க. "கதை சொல்லி வானியல் நடத்துற வாத்தியார் வந்தா, அந்த வகுப்புக்கே ஏழரைச் சனிதான்"னு. நீங்களும் கை தட்டினீங்க. யார் யார் தட்டினீங்கன்னு பார்த்து வெச்சிருக்கேன்.

அம்மா, அது ஏன் ஏழரை? ஆறு ஏன் இல்லை, எட்டு ஏன் இல்லை? சனி சூரியனை ஒரு சுத்து சுத்தி வர 29½ வருஷம். ராசி பன்னிரண்டு. வகுத்தா ராசிக்குச் சுமார் 2½ வருஷம். ஏழரைச் சனிங்கிறது சனி நம்ம ராசிக்கு முந்தினது, நம்மது, அடுத்தது, ஆக மூணைக் கடக்கிற காலம். மூணு இரண்டரை எவ்வளவு? பின்வரிசைத் தம்பி சொல்லிட்டான் பாருங்க, ஏழரை! நீங்க திட்டினதா நினைச்சீங்க. ஒரு கிரகத்தோட சுற்றுக்காலத்தைச் சொல்லியிருக்கீங்க.

ஏழரையில கால் ஒடியும்னு நான் சொல்ல வரலை. ஜாதகக் கட்டத்தோட பலனை வாத்தியார் தொடவே வேண்டாம். எனக்கு வேண்டியது பேரு மட்டும். சனைச்சரன்னா மெதுவா நடக்கிறவன். கால் நொண்டினவன்னு கதை. "ஏன் சார் நொண்டி?"ன்னு ஒரு பிள்ளை கேட்கும். அங்கதான் சாக்பீஸை எடுக்கணும். பூமி சூரியன்கிட்டேர்ந்து இருக்கிற தூரத்தை ஒண்ணுன்னு வெச்சா, சனி இருக்கிறது 9.54. அந்த 9.54-ஐ மூணு தடவை வெச்சுப் பெருக்கினா 868. அதுக்கு வர்க்கமூலம் எடுங்க, 29½ வரும். கிரகத்தோட தூரத்தையும் சுற்றுக்காலத்தையும் இணைக்கிற கெப்ளரோட மூணாம் விதி அவ்வளவுதான். எட்டாங்கிளாஸ் கணக்கு! பாதையும் நீளம், நடையும் மெதுவு. நாம வினாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடுறோம், சனி பத்துக்கும் கொஞ்சம் கம்மி. நொண்டிங்கிற பேர்ல பொய் இருக்கா?

அடுத்து பயமுறுத்தினாங்க. கிரகணம் ஏன்னு கேட்டா, பிள்ளை பரீட்சையில "ராகு விழுங்கியது"ன்னு எழுதிடுமாம். எழுதும். எப்போ? கதையை இன்னைக்குச் சொல்லிட்டு, "விளக்கம் நாளைக்கு"ன்னு மணி அடிச்சதும் கிளம்புற வாத்தியார் வகுப்புல எழுதும். பாம்பை அவிழ்த்து விட்டவர் அதே பீரியடுல பெட்டிக்குள்ள அடைக்கணும்.

அடைக்கிறது சுலபம். 60 செ.மீ. விட்டத்துல ஒரு வளையம், அதுக்குள்ள அடங்குற மாதிரி கொஞ்சம் சின்னதா இன்னொண்ணு. எதிரெதிரா இரண்டு இடத்துல நூலால கட்டுங்க. நடுவுல பூமி. வெளி வளையம் சூரியன் போற பாதை, உள் வளையம் நிலா போற பாதை. உள் வளையத்தை ஒரு பக்கம் 2½ செ.மீ. தூக்குங்க, மறுபக்கம் தானா இறங்கும். சாய்வு 5 டிகிரி. பல பேர் தப்பு பண்றது இங்கதான். நல்லாத் தெரியட்டும்னு ஒரு சாண் தூக்கிடுவாங்க, பிள்ளை கிரகணமே நடக்காதுன்னு முடிவு பண்ணிடும். புத்தகப் படத்துல சாய்வே இருக்காது, அதைப் பார்க்கிற பிள்ளை "அப்போ மாசாமாசம் கிரகணம் வரணுமே"ன்னு குழம்பும். அந்த இரண்டு முடிச்சு இருக்கே, அதுல ஒண்ணு ராகு, இன்னொண்ணு கேது. அமாவாசை முடிச்சுக்கிட்ட வந்தா சூரிய கிரகணம், பௌர்ணமி வந்தா சந்திர கிரகணம். இரண்டு பேரும் ஏன் எப்பவும் எதிரெதிர் வீட்டுலயே இருக்காங்கன்னு இப்பப் புரியுதா? முடிச்சு பின்பக்கமா நகர்ந்து ஒரு சுத்து வர 18.6 வருஷம். ராகு பின்னோக்கிப் போறான்னு பஞ்சாங்கத்துல இருக்கிறதும் அதுதான்.

தொலைநோக்கி, தொலைநோக்கின்னு ஆறு தடவை சொன்னாங்க. நான் ஒரு ஊர்க்கதை சொல்றேன், நம்ம ஊர் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, 1930, மார்ச் 14, காலைச் சாப்பாட்டு நேரம். தாத்தா பேப்பர் படிக்கிறார், புதுக் கிரகம் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்கன்னு. என்ன பேர் வைப்பாங்களோங்கிறார். பதினோரு வயசுப் பேத்தி வெனிஷியா பர்னி சொல்றா, "புளூட்டோன்னு வைக்கலாமே." ரோமானியக் கதையில பாதாள லோகத்து ராஜா, நம்ம யமன் மாதிரி. இருட்டுல, குளிருல, கடைசியில கிடக்கிற கிரகத்துக்கு வேற எந்தப் பேர் பொருந்தும்? தாத்தா வானியலாளர் டர்னர்கிட்ட சொன்னார், அவர் அமெரிக்காவுல அந்தக் கிரகத்தைக் கண்டுபிடிச்ச லோவல் ஆய்வகத்துக்குத் தந்தி அடிச்சார். மே 1, பேர் வெச்சாச்சு. தாத்தா பேத்திக்குக் கொடுத்தது அஞ்சு பவுண்டு.

திரும்பச் சொல்றேன், அம்மா சரியா கேட்கலை போல. காலைச் சாப்பாடு. பதினோரு வயசு. கையில தொலைநோக்கி? இல்லை! மண்டையில கதை! லோவல் ஆய்வகத்து டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடிச்சது தொலைநோக்கியாலதான், ஒத்துக்கிறேன். குழந்தை பிறந்தது ஆஸ்பத்திரியில, பேர் வெச்சது வீட்டுல. பிள்ளையை ஆஸ்பத்திரி பேர் சொல்லியா கூப்பிடுறோம்?

இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பொண்ணு கதை மட்டும் படிச்சவ இல்லை. பள்ளிக்கூடத்துல மண்ணுருண்டைகளைப் பூங்காவுல கிரக தூரத்துக்கு ஏத்த மாதிரி வெச்சு விளையாடினவ. நம்ம மைதானத்துலயும் செய்யலாம். ஒரு செ.மீ.க்கு லட்சம் கிலோமீட்டர். சூரியன் 14 செ.மீ. பந்து, பூமி 15 மீட்டர்ல சின்னக் கடுகு, வியாழன் 78 மீட்டர்ல கோலிகுண்டு, சனி 143 மீட்டர்ல. புளூட்டோவை வைக்க மைதானம் பத்தாது, அரை கிலோமீட்டருக்கு மேல தெருவுல நடக்கணும்.

நடுவர் மணி மேல கை வைக்கிறார். ஒரே நிமிஷம், ஐயா.

அந்தப் பொண்ணுக்கு ஆறு வயசுல அப்பா போயிட்டார். அம்மாவோட தாத்தா வீட்டுல வளர்ந்தவ. பின்னாடி டீச்சர் ஆனாங்க. 2006ல புளூட்டோவுக்கு ஒரு விண்கலம் கிளம்புச்சு. கிளம்பும்போது அது கிரகம், அந்த வருஷமே பதவி போச்சு, பாவம். அந்தக் கலத்துல தூசியை எண்ணுற ஒரு கருவி, கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் கட்டினது. அதுக்கு வெச்ச பேரு வெனிஷியா பர்னி. 2009ல, தொண்ணூறு வயசுல அந்தப் பாட்டி கண்ணை மூடிட்டாங்க. 2015 ஜூலை 14, கலம் போய்ச் சேர்ந்துச்சு. பார்க்க அவங்க இல்லை. சின்ன வயசுல கதையில படிச்ச யமன் வீட்டு வாசலை, பிள்ளைங்க கட்டின அந்தப் பெட்டி அவங்க பேரைச் சுமந்துக்கிட்டுத் தாண்டிப் போச்சு.

அடிங்க ஐயா, மணியை.