அலுமாரிக்குள் பாடுகிறவர்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் பாராமல் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த அன்பர்களே, வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய மாநகர சபை உறுப்பினர் அவர்களுக்கு விசேட நன்றி. அவரிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. தயவுசெய்து இடையில் எழுந்து போய்விட வேண்டாம். வரவேற்புரை ஆற்றிய தங்கை என்னை இசை அறிஞர் என்றார். நான் பாட்டுக் கேட்கிறவன், கேட்டதை அடுத்தவர் காதில் திணிக்கிறவன், அவ்வளவுதான்.

இன்றைக்குத் தந்த தலைப்பு, மனதைக் கனக்க வைக்கும் இண்டி ஃபோக் அல்பங்கள், அதாவது பெரிய கம்பனிகளைச் சாராமல் நாட்டார் பாட்டின் சாயலில் வரும் பாட்டுகள். மூன்று விடயங்கள் சொல்கிறேன்: இவற்றை எப்படித் தேடுவது, பிறருக்கு எப்படிச் சிபாரிசு செய்வது, சோகப் பாட்டைக் காசு கொடுத்து ஏன் கேட்கிறோம்.

இரண்டாவதில் இருந்து தொடங்குகிறேன், எனக்குப் பிடித்த பழமொழி அங்கேதான் வருகிறது. பாத்திரம் அறிந்து பிச்சை இடு. பைலா என்ற ஆட்டப் பாட்டில் வளர்ந்தவருக்கு முதல் நாளே அமெரிக்கப் பாடகர் சுஃப்ஜான் ஸ்டீவன்ஸின் ‘கரி அண்ட் லோவெல்’ கொடுக்கக் கூடாது. இறந்துபோன தாயை நினைத்து 2015இல் அவர் வெளியிட்ட அல்பம் அது. கொட்டாஞ்சேனைப் பக்கம் தேவாலயங்களில் பாடகர் குழுவில் பாடிப் பழகியவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு ஃப்ளீட் ஃபாக்ஸஸ் என்ற இசைக்குழுவின் 2008 அல்பத்தைக் கொடுங்கள், குரல் மேல் குரல் ஏறி வரும். ஒரு வாரத்தில் அவர்களே உங்களிடம் அடுத்ததைக் கேட்பார்கள்.

எண்பதுகளில் இந்த வீதியில் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது, கசெற்றில் பாட்டு அடித்துத் தரும் கடை. கப்பலில் வேலை செய்த ஒருவர் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ எல்.பி. இசைத்தட்டைக் கொண்டுவந்து கசெற்றில் அடித்துத் தரச் சொன்னார். 1972இல் வந்த அல்பம். ஒரு குரல், ஒரு கிற்றார், ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ. மொத்தம் 28 நிமிடம்தான், பக்கத்துக்கு 30 நிமிடம் பிடிக்கும் சி-60 கசெற்றின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கடைப் பொடியன் என்ன செய்தான்? ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திருவெம்பாவை அடிக்கக் கொடுத்திருந்த கசெற்றின் மற்றப் பக்கத்தில் இதை அடித்துவிட்டான். மார்கழி விடியற்காலை, ஒழுங்கை முழுக்கக் கேட்க வாத்தியார் கசெற்றைப் போட்டிருக்கிறார். மாணிக்கவாசகர் முடிந்தார். பக்கம் திரும்பியது. கேட்க வேண்டுமா!

கடை திறக்க முன்னமே வாத்தியார் வாசலில் நின்றார். முதலாளி பயந்துபோய், “ஐயா, இப்பவே அழிச்சுத் தாறன்” என்றார். வாத்தியார் சொன்னார்: “அழிக்காதையும். அந்தப் பொடியன் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை. ஆனா அவன் சாப்பிட்டானோ எண்டு எனக்கு ஒரே யோசினையாக் கிடக்கு.” பாடிய பொடியன் 1974இலேயே, 26 வயதில் போய்விட்டான் என்று கப்பல்காரர் சொன்னதும் மனுசன் ஸ்டூலில் இருந்துவிட்டார். நிக் டிரேக் பிறந்தது எங்கே தெரியுமா? 1948இல், இரங்கூனில். வாத்தியாருடைய தகப்பனார் கடை வைத்திருந்ததும் இரங்கூனில்தானாம்! பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்கிறோம், இங்கே பாத்திரமே பிச்சையைப் பிடித்துக்கொண்டது.

சரி, தேடுவது எப்படி? உறையைத் திருப்பித் தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். நிக் டிரேக்கின் முதல் இரண்டு அல்பங்களைத் தயாரித்தவர் ஜோ பாய்ட். அந்தப் பெயரைப் பிடித்துப் போனால் வஷ்டி பன்யன் என்ற பெண் 1970இல் வெளியிட்ட அல்பத்தில் போய் நிற்பீர்கள். அது விற்கவில்லை, அவரும் பாட்டை விட்டுவிட்டார். அடுத்த அல்பம் வந்தது 2005இல்.

இன்னொரு வழி வீட்டு அலுமாரி. நிக் டிரேக்கின் தாய் மொலி வீட்டில் பியானோ வாசித்துத் தன் பாட்டுகளைப் பாடுவார், தகப்பன் பதிந்து வைத்தார். மகன் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவை அல்பமாயின. ஜெர்மனியில் சிபில்லே பையர் எழுபதுகளின் தொடக்கத்தில் வீட்டிலே பதிந்த பாடல்களை அவருடைய மகன் வெளியே கொண்டுவர, 2006இல் அல்பம் வந்தது. இரண்டு இடத்திலும் பாட்டைக் காப்பாற்றியது கம்பனி இல்லை, வீட்டார்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப் கசெற்றுகள், வானொலியில் இருந்து பதிந்தவை, வெளிநாட்டுக்குக் கடிதத்துக்குப் பதிலாக அனுப்பிய குரல்கள், அப்பம்மாவின் தாலாட்டு எல்லாம் எங்கே? எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார், சொற்கள் தப்பின. பாடிய குரல்களை யார் வைத்திருக்கிறீர்கள்? இந்தக் கடற்காற்றில் கசெற் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். 2005இல் இருந்து நூலகம் நிறுவனம் நம் நூல்களை மின்வடிவில் சேர்த்துவருகிறது. ஒலிக்கும் அந்த அக்கறை வேண்டும். ஓரிடத்தில் கேட்டுப் பார்த்தோம், புத்தகம் மட்டும்தான் எடுப்போம் என்று பதில் வந்தது.

உறுப்பினர் அவர்களே, கோரிக்கை இதுதான்: கொழும்பில் ஒரு பொது நூலகத்தில் ஒரு கேட்கும் அறை. நல்ல கசெற் டெக் ஒன்று, கணினி ஒன்று, நாலு ஹெட்ஃபோன், பொறுமையான ஒரு ஆள். பெரிய செலவில்லை. பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பார்கள். இந்தப் பாத்திரம் வெகுநாளாக நீட்டியபடியே இருக்கிறது.

சோகப் பாட்டை ஏன் கேட்கிறோம் என்ற மூன்றாவது விடயத்துக்கு வருவதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார், அவருக்குப் பணிகிறேன். வாசலில் ஒரு கொப்பி இருக்கிறது. வீட்டில் என்னென்ன கசெற் கிடக்கிறது என்று பெயரோடு எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள். கசெற்றை இன்றே கையோடு கொண்டுவந்தவர்கள் செயலாளரிடம் கொடுங்கள், பற்றுச்சீட்டு தருவார்.