சுட்ட இடத்திலிருந்து மான் நின்ற இடம் வரை

(டென்வரில் தமிழ் நண்பர்கள் மாதந்தோறும் கூடும் கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

வேட்டைக்குப் போய் வந்தேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு தூரத்தில் சுட்டீங்க?" என்பதுதான். நூறு கெஜம் என்றால் "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அறுநூறு கெஜம் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார்கள். வேட்டைக்காரர்கள் கூடும் இடத்திலும் இதே கதைதான். இன்று அந்தத் தூரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை இருந்தது. அதற்கு ஒரு மான் விலை கொடுத்தது.

பேச்சுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே இங்கே சிலர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அது நியாயம்தான். நம் நாட்டில் 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றால் குற்றம், சிறை என்றுதான் நாம் வளர்ந்தோம். இங்கே கொலராடோவில் முறை வேறு. எந்தப் பகுதியில் எத்தனை மான் எடுக்கலாம் என்று மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் முடிவு செய்கிறது. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர் யாராக இருந்தாலும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிய அட்டை இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. சுட்ட விலங்கின் இறைச்சியை வீணாக்கினால் தண்டனை உண்டு. எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்க மான்கறிக் குழம்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் நவம்பர் முதல் வாரம். வடமேற்குக் கொலராடோவில் மீக்கர் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் குப்புறப் படுத்திருக்கிறேன். பக்கத்தில் என் அண்டைவீட்டுப் பெரியவர். பண்ணைகளில் மாடு மேய்த்தே ஆயுசைக் கழித்தவர். எதிரே ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் சேஜ் புதர் மண்டிய சரிவு. அந்தச் சரிவில் ஒரு கிடா மான் நிற்கிறது. மியூல் டீர் என்பார்கள், கழுதைக் காது போல நீண்ட காது. தூரமானி 430 கெஜம் காட்டியது. பெரியவர் துப்பாக்கியைத் தொடவில்லை. பள்ளத்தில் இறங்கிச் சுற்றிப் போனால் நூற்றைம்பது கெஜத்துக்குள் போய்விடலாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோடை முழுக்கச் சுடுதளத்தில் 500 கெஜத்துக்கு இரும்புத் தகட்டை அடித்துப் பழகியிருந்தேன். தோட்டா எவ்வளவு கீழே இறங்கும் என்று துப்பாக்கிக் கட்டையில் சீட்டே ஒட்டி வைத்திருந்தேன். சுட்டேன்.

மான் ஒரு துள்ளு துள்ளி மேட்டைத் தாண்டி மறைந்தது. "தப்பிவிட்டது" என்றேன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "நீ போ. நான் இங்கேயே இருந்து வழி காட்டுகிறேன்" என்றார்.

அங்கே போய்ச் சேர ஐம்பது நிமிஷம் ஆனது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மேட்டிலிருந்து பார்த்தபோது அந்த மான் நின்ற இடம் அவ்வளவு தெளிவு: ஒரு பாறை, அதற்கு இடப்பக்கம் மஞ்சள் பாய்ந்த ஒரு புதர். கிட்டே போனால் பாறைகள் இருபது, மஞ்சள் புதர்கள் நூறு. திரும்பிப் பார்த்தால் பெரியவர் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. அவர் தொப்பியை இடப்பக்கம் வீசினால் நான் இடப்பக்கம் போவேன், வலப்பக்கம் வீசினால் வலப்பக்கம். கடைசியில் தொப்பியைத் தலைக்கு மேலே பிடித்து அப்படியே நின்றார். அதுதான் இடம். அவர் மட்டும் அங்கே உட்கார்ந்திருக்காவிட்டால், வேறு சரிவைத் தேடிவிட்டு, "சுத்தமாகத் தப்பிவிட்டது" என்று நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

தரையில் இரத்தம் இல்லை. ஒரு சிட்டிகை முடி கிடந்தது, வெளிர் நிறம், வயிற்று முடி. நாற்பது அடி தள்ளி ஒரு சேஜ் இலையில் கருஞ்சிவப்பாக ஒரு சொட்டு. அதில் பச்சையாக, மென்ற புல் துணுக்கு ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். ஆட்டுக் குடல் கழுவும் வாசனை.

இரத்தத்தின் நிறத்தை வைத்தே குண்டு எங்கே பட்டது என்று சொல்லிவிடலாம். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். அந்த மான் நூறு கெஜத்துக்குள் விழுந்து கிடக்கும், அரை மணி காத்திருந்து போனால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை கலந்திருந்தால் குடல். உடனே துரத்தினால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் ஓடும். விட்டுவிட்டால் எங்கேயாவது படுக்கும். ஆனால் சாக எட்டு மணி நேரமும் ஆகலாம், பத்து மணி நேரமும் ஆகலாம். அந்த மணிகளை அது எப்படிக் கழிக்கும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. அன்று இரவு உறைபனி. கூடாரத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அரை மைல் தள்ளி ஒரு ஓடைக்கரையில் கண்டுபிடித்தோம். கயோட்டிகள், அதாவது இங்கத்திய சிறு ஓநாய்கள், முந்திக்கொண்டுவிட்டன. மிஞ்சிய கறியை அறுத்து எடுத்தேன். என் ஒரே டேக்கை, அதாவது உரிமத்தோடு வரும், எடுத்த விலங்கில் கட்ட வேண்டிய சீட்டை, அந்த மானின் மேலேயே கட்டினேன். அந்த வருஷத்து வேட்டை அத்தோடு முடிந்தது.

எங்கே தவறு நடந்தது? வீடு திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூரம் சரி. தோட்டாவின் இறக்கமும் சரி. என் துப்பாக்கி முப்பது-சைபர்-ஆறு என்ற வகை, 180 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டு. 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால் 300-ல் எட்டு அங்குலம், 400-ல் இரண்டடி, 500-ல் ஏறக்குறைய நாலு அடி கீழே இறங்கும். இதெல்லாம் அச்சடித்த அட்டவணையில் இருக்கிறது, தூரமானியும் பொய் சொல்வதில்லை. மேட்டிலோ பள்ளத்திலோ சாய்வாகச் சுட்டால் குண்டு எதிர்பார்த்ததைவிட மேலே போகும். ஏற்றமானாலும் இறக்கமானாலும் மேலேதான். 30 பாகைச் சரிவில் 400 கெஜம் என்பதைப் புவியீர்ப்பு 346 கெஜமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கும் இப்போது கருவி உண்டு.

கருவிக்கு அகப்படாதது காற்று. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசினால் 200 கெஜத்தில் என் குண்டு இரண்டு மூன்று அங்குலம்தான் விலகும். 400-ல் ஒரு அடி. 500-ல் ஒன்றரை அடிக்கும் மேல். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு, பத்து அங்குலம் இருந்தால் அதிகம். அன்று நான் படுத்திருந்த இடத்தில் காற்றே இல்லை. பள்ளத்தின் நடுவில் என்ன வீசியது என்று எனக்குத் தெரிய வழியில்லை. எதிர்ச் சரிவில் புல் அசைந்துகொண்டிருந்தது. அதை ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கி மேல் பொருத்திய குறிநோக்கியில், பார்த்தேன். பார்த்தும் பொருட்படுத்தவில்லை.

இன்னொன்று நேரம். 500 கெஜம் போக அந்தக் குண்டுக்கு முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அது என்ன பெரிய நேரம் என்று கேட்கலாம். மேய்ந்துகொண்டிருக்கும் எல்க் என்ற பெரிய மான் நம் நடை வேகத்தில், மணிக்கு மூன்று மைல் வேகத்தில், ஓர் எட்டு எடுத்து வைக்கிறது என்று வையுங்கள். விசையை இழுத்த கணத்துக்கும் குண்டு சேரும் கணத்துக்கும் நடுவில் அது ஏறக்குறைய மூன்றடி நகர்ந்திருக்கும். நெஞ்சுக்குக் குறி வைத்தது குடலில் போய்ச் சேரும். இரும்புத் தகடு காலெடுத்து வைப்பதில்லை. சுடுதளத்தில் கோடை முழுக்க அடித்து எனக்கு வந்த துணிச்சலில் இந்த ஒரு கணக்கு மட்டும் இல்லை.

தூரத்துச் சூட்டை ஒட்டுமொத்தமாகப் பழிக்க நான் வரவில்லை. ஐடஹோவில் எல்மர் கீத் என்று ஒருவர் இருந்தார். 44 மேக்னம் கைத்துப்பாக்கி பிறக்கக் காரணமாயிருந்தவர்களில் ஒருவர். அவர் கைத்துப்பாக்கியால் 600 கெஜம் தள்ளி ஒரு மானைச் சுட்டார் என்ற செய்தி பல்லாண்டு விவாதிக்கப்பட்டது. நம்பாதவர்கள் ஏராளம். தூரத்தைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த மானை முதலில் சுட்டது அவருடைய நண்பர். காயத்தோடு அது மலையேறிக்கொண்டிருந்தது. காயம்பட்ட விலங்கு கண்ணுக்கு எட்டும் வரை, கையில் தோட்டா இருக்கும் வரை சுடத்தான் வேண்டும் என்பது கீத்தின் கட்சி. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அங்கே துன்பத்தை முடிக்கத்தான் தூரத்தில் சுடுகிறோம். நிம்மதியாக மேயும் விலங்கின் மேல் முதல் தோட்டாவை அப்படி அனுப்புவது வேறு காரியம்.

காயத்தோடு தப்பும் விலங்கு என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கொடிய சாட்சி உண்டு. குமாவூன் மலைகளில் சம்பாவத் பெண்புலி. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-ல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தி வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கத்தில் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது, கீழ்க் கோரைப்பல் எலும்பு வரை போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க அதனால் முடியாமல் போனது அதனால்தான் என்றார் அவர். யாரோ சுட்டு, பின்தொடர்ந்து போய் முடிக்காமல் விட்ட புலி அது.

இங்கே இதைப் பற்றி யோசிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் முதலானோர் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கம் தூரத்துச் சூட்டைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுத்திருக்கிறது. இத்தனை கெஜத்துக்கு மேல் கூடாது என்று அவர்கள் கோடு கிழிக்கவில்லை. நோக்கத்தைப் பார்க்கிறார்கள். எவ்வளவு தூரம் அடிக்க முடியும் என்று கருவியைச் சோதிக்க உயிருள்ள விலங்கை இலக்காக வைத்தால் அதற்கு வேட்டை என்ற பெயர் பொருந்தாது என்கிறார்கள். ஐடஹோ மாநிலம் வேறு வழியில் போனது. ஸ்கோப், வார் எல்லாம் சேர்த்துப் 16 பவுண்டுக்கு மேல் கனக்கும் துப்பாக்கியைப் பெருவிலங்கு வேட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது, துப்பாக்கியிலோ ஸ்கோப்பிலோ மின்னணுக் கருவி பொருத்தக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. எனக்கு அந்த எடை விதி ரொம்பப் பிடிக்கும். தூக்கிக்கொண்டு மலையேற முடிகிற துப்பாக்கி என்றால் கிட்டே போகலாம் என்ற எண்ணம் தானாக வரும்.

கிட்டே போவதில் இருக்கும் இன்பத்தை இந்தத் தூரப் பேச்சு மறக்கடித்துவிட்டது. வயோமிங்கில் ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கின் வேட்டைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெட்டவெளி. முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு செடி கிடையாது. அந்த விலங்குக்குக் கண்பார்வை பயங்கரக் கூர்மை, மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் ஓடும். அதனால் அங்கே எல்லோரும் 400, 500 கெஜத்தில் சுடப் பார்ப்பார்கள். நான் போனபோது பெரியவரும் கூட வந்தார். காற்று நம் முகத்தில் அடிக்கும்படி சுற்றிப் போய், தண்ணீர் அரித்த ஒரு ஓடைக்குழியில் வயிற்றால் ஊர்ந்தோம். இரண்டு மணி நேரம். உள்ளங்கையிலும் முழங்கையிலும் சப்பாத்திக் கள்ளி முள். குழி முடிந்த இடத்தில் இன்னும் முந்நூறு கெஜம் மிச்சம். பெரியவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் குச்சியில் கட்டி, ஒரே ஒரு முறை உயர்த்தி இறக்கினார். ப்ராங்ஹார்னுக்கு வேடிக்கை பார்க்கும் குணம் உண்டு. மூன்று பெட்டைகள் தலை நிமிர்ந்தன. கைக்குட்டை மறுபடி எழுந்தது. நின்று நின்று, பின்வாங்கி, மறுபடி முன்னேறி, 120 கெஜத்துக்கு வந்தன. முன்னால் நின்ற பெட்டையின் மூக்கு ஈரமாக மின்னுவது எனக்கு ஸ்கோப் இல்லாமலே தெரிந்தது. சுட்டேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. முள்ளைப் பிடுங்க இரண்டு நாள் ஆனது.

இப்போது எனக்கு நானே வைத்திருக்கும் எல்லை 250 கெஜம். அதுவும் படுத்திருந்து, துப்பாக்கியைப் பையின் மேல் ஊன்றி, காற்று அடங்கியிருந்தால்தான். உங்களில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு வேறு எல்லை இருக்கலாம், அதில் நான் தலையிட மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சுட்ட பிறகு எழுந்திருக்குமுன் பக்கத்துப் புதரில் ஆரஞ்சு ரிப்பன் ஒன்றைக் கட்டுங்கள். எதிரே மான் நின்ற இடத்தைத் திசைகாட்டியில் பாருங்கள், செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பிவிட்டது என்று தோன்றினாலும் அந்த இடம் வரை நடந்து போங்கள். மண்டியிட்டுத் தரையைப் பாருங்கள்.

போன வருஷம் என் மகளுக்கு முதல் உரிமம் கிடைத்தது. வயது பதினாலு. மீக்கருக்குத்தான் போனோம். பெரியவரால் இப்போது மலையேற முடிவதில்லை, வண்டியிலேயே இருந்தார். 140 கெஜத்தில் ஒரு பெட்டை மான். அவள் சுட்டதும் அது பத்தடி ஓடி எங்கள் கண் முன்னாலேயே சாய்ந்தது. வெள்ளை வயிறு வெயிலில் தெரிகிறது, தேட ஒன்றுமே இல்லை. நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். "அப்பா, இருங்க" என்றாள். திரும்பிப் பார்த்தேன். கை நடுங்க நடுங்க, பைன் கிளையில் ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தாள்.