வாங்கில் இருந்த பிள்ளையும் நிலத்தில் இருந்த பிள்ளையும்

வணக்கம் நேயர்களே. இனவாதம் இலக்கியத்திலும் வரலாற்றிலும் சமூகத்திலும் என்னென்ன செய்தது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைத்த நேரத்துக்குள் அத்தனையையும் தொட முடியாது. அதனால் ஒரேயொரு விசயத்தைப் பிடித்துக்கொண்டு கதைக்கப் போகிறேன். அது வாசிப்பு. ஒரு கூட்டத்தைக் கீழே வைத்திருக்க நினைத்தவர்கள், எந்த நாட்டில் இருந்தாலும் சரி, ஏதோ ஒரு கட்டத்தில் புத்தகத்திலோ பள்ளிக்கூடத்திலோ கை வைத்திருக்கிறார்கள். தேடிப் பார்க்கப் பார்க்க எனக்கு இதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை வேறு எங்கிருந்து தொடங்குவது? 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில், பொலிசாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வைத்த தீயில் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது எனக்கு 14 வயது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் அதே நாட்களில்தான் எரிந்தன. பல மொழிகள் தெரிந்த தாவீது அடிகள், பத்திரிசியார் கல்லூரியில் நின்று அந்த நெருப்பைப் பார்த்தபடியே விழுந்து உயிரை விட்டார். சில நாள் கழித்து அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். சுவர் நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை. கருகிய கடதாசி மணம் என் சட்டையோடு வீட்டுக்கு வந்தது, அம்மா இரண்டு தரம் தோய்த்துப் போட்டும் அது போகவில்லை.

அந்த நூலகம் எப்படித் தொடங்கியது தெரியுமா? க. மு. செல்லப்பா என்ற மனிதர் 1933 இல் தன் வீட்டிலேயே புத்தகங்களைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதே 1933 இல், மே 10 ஆம் திகதி இரவு, பெர்லின் நகரத்துச் சதுக்கம் ஒன்றில் நாசிகள் 20,000 அளவில் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். யூதர் எழுதியவை, தங்களுக்கு ஒவ்வாதவர்கள் எழுதியவை எல்லாம் அந்தக் குவியலில் கிடந்தன. எரித்தவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக மாணவர்கள், அதாவது படித்தவர்கள். இரண்டு வருசத்தில், 1935 இல், யூதர்களுடைய பிரஜாவுரிமையைப் பறிக்கிற சட்டம் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே அடிமைகளுக்குப் புத்தகமே கிடைக்கவிடவில்லை. 1831 இல் வேர்ஜீனியாவில் நற் ரேணர் என்ற அடிமை ஒரு கிளர்ச்சி நடத்தினார். அவர் எழுத வாசிக்கத் தெரிந்தவர். வெள்ளை எசமான்களுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த வருசமே அலபாமாவில் சட்டம் போட்டார்கள்: கறுப்பர் ஒருவருக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுக்க முயன்றால் 250 முதல் 500 டொலர் வரை தண்டம். பிரெட்ரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர், சின்னப் பையனாகப் பால்ரிமோருக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர். அந்த வீட்டு அம்மா இரக்கப்பட்டு அவருக்கு அகரவரிசை சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். புருசன் கண்டுவிட்டு நிறுத்தினார். இவனுக்கு வாசிக்கத் தெரிந்தால் பிறகு அடிமையாக வைத்திருக்க முடியாது என்று பையனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அந்த ஒரு வசனம் போதும், எது தன்னைக் கட்டி வைத்திருக்கிறது என்று பையனுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் பாண் துண்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போவார், பசியோடு திரிகிற ஏழை வெள்ளைப் பையன்களுக்குப் பாணைக் கொடுத்துப் பாடம் வாங்குவார். கப்பல் கட்டும் இடத்தில் மரங்களில் தச்சர்கள் போட்ட அடையாள எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். 1838 இல் தப்பினார், 1845 இல் தன் வாழ்க்கையை எழுதினார். கறுப்பினத்தவர் இலக்கியம் பற்றி நான் மாணவருக்குப் படிப்பிக்கும்போதெல்லாம் அந்தப் பாணில் இருந்துதான் தொடங்குவேன்.

சரி, இதையெல்லாம் கேட்டு நாங்கள் எல்லோரும் டக்ளசின் பக்கம்தான் நிற்போம். நூலகம் எரிந்த ஊர்க்காரர்கள் வேறு எந்தப் பக்கம் நிற்க முடியும் என்று நானும் நீண்ட காலம் நினைத்திருந்தேன். என்னை யோசிக்க வைத்தது என் அம்மம்மா.

அம்மம்மா 1920களின் கடைசியில் பள்ளிக்கூடம் போனவர். ஒருநாள் விறாந்தையில் இருந்து வெற்றிலை போட்டபடி சும்மா கதைக்கும்போது சொன்னார்: "நாங்கள் வாங்கில் இருப்பம், அதுகள் நிலத்தில் இருக்குங்கள். அதில ஒரு பிள்ளை இருந்தது, என்னைவிடக் கெட்டிக்காரி. கணக்கெல்லாம் எனக்கு முதல் செய்து முடிச்சிடும்." அதுகள் என்றது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை. அவர் குரலில் குற்ற உணர்வும் இல்லை, வெறுப்பும் இல்லை. மழை பெய்தது, வெயில் எறித்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

பிறகு நான் தேடி வாசித்தேன். அரச உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்று 1929, 1930 அளவில் உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர் போன்ற சிலர் சமாசனத்துக்காக, அதாவது எல்லோரும் சமமாக இருப்பதற்காக, நின்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் எதிர்த்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பும் வைத்தார்கள். வைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லை, எங்கள் ஊர்ச் சனம். நிலத்தில் இருந்த பிள்ளை எழும்பி வாங்கில் இருந்துவிடும் என்று பயந்து பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள். 1981 ஐப் பற்றி நான் எங்கே பேசினாலும் இந்த நெருப்பையும் சேர்த்தே பேசுவது அதனால்தான். சிலருக்கு இது பிடிப்பதில்லை. சாதி வேறு, இனவாதம் வேறு என்பார்கள். சரி, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பிறப்பை வைத்து மனிதரை அடுக்கிவிட்டு, கீழே வைத்தவன் வாசித்துவிடுவானோ என்று நடுங்குகிற அந்தப் பயம் இருக்கிறதே, அது அலபாமாவிலும் இங்கேயும் ஒரே பயம்தான். காணிப் பிரச்சினைக்கு இன்றைக்கும் நாங்கள் தூக்குகிற தேசவழமையை, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டத்தை, எடுத்துப் பாருங்கள். 1707 இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்த அந்தச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே இருந்தது. 1844 இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

டக்ளஸ் மாதிரி ஆட்கள் எங்களுக்குள்ளும் இருந்தார்கள். டொமினிக் ஜீவா சின்ன வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர், சலூனில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். முதல் சிறுகதைத் தொகுதிக்கே சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 இல் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார், பத்து இதழோடு நிற்கும் என்று நினைத்தவர்கள் முன்னால் பல பத்து வருசம் கொண்டுவந்தார். கே. டானியல் பஞ்சமர் என்ற நாவலை எழுதினார். கிணற்றில் தண்ணீர் அள்ள விடாததும், தேத்தண்ணிக் கடையில் உள்ளே இருக்க விடாமல் போத்தலில் ஊற்றிக் கொடுத்ததும், கோயில் வாசலில் மறித்ததும் அவர் நாவல்களுக்குள் வந்தன. இந்த மாதிரி எழுத்துக்கு 1960களின் தொடக்கத்தில் பண்டிதர்கள் சிலர் வைத்த பெயர் என்ன தெரியுமா? இழிசனர் இலக்கியம். பேச்சுத் தமிழ் கலந்துவிட்டது, மரபு கெட்டுவிட்டது என்று சண்டை. எனக்குக் கோபம் வருகிற இடம் இது. பள்ளிக்கூடத்தில் நிலத்தில் இருத்தினோம், அவர்கள் எழுதிக்கொண்டு வந்தபோது இலக்கியத்திலும் நிலத்தில் இருத்தப் பார்த்தோம். சாதி பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கிற சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1966 இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது, 1968 இல் உள்ளே போக விடச் சொல்லி மாவிட்டபுரம் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது.

நாட்டு அரசியலுக்கு வந்தால் 1948 ஐ மறக்க முடியாது. தென்னாபிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்த அதே வருசம் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, மலையகத் தமிழர் ஏழு இலட்சம் பேர் வரையில் நாடற்றவர் ஆனார்கள். 1956 இல் சிங்களம் மட்டும் என்ற அரசகரும மொழிச் சட்டம். ஆரியர், திராவிடர் என்பவை மொழிக் குடும்பங்களுக்கு அறிஞர்கள் வைத்த பெயர்கள். ஆரிய மொழிகளைப் பற்றி எழுதிய மக்ஸ் முல்லரே பின்னால் 1888 இல், நான் சொன்னது மொழியை, இரத்தத்தை அல்ல என்று எச்சரித்தார். இந்தத் தீவில் அதை யார் கேட்டார்கள்? இரண்டு பக்கமும் இரத்தமாகவே எடுத்துக்கொண்டது.

1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர், அவர்களில் பெரும்பகுதி புத்தளத்துக் கொட்டில்களுக்குப் போனது. சோனகத்தெரு ஒரே நாளில் வெறுமையானது, ஒஸ்மானியாக் கல்லூரி வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. அவர்கள் தமிழ் பேசினவர்கள், தமிழில் படித்தவர்கள், எங்களுடைய அதே நூலகத்தில் புத்தகம் எடுத்தவர்கள். எனக்கு அப்போது 23 வயது. அந்தத் தெருவில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான், இருவரும் புத்தகம் மாற்றி மாற்றி வாசிப்போம். நான் போய்ப் பார்க்கவில்லை. பயம் என்று சொல்லலாம், பயம்தான். அவனுடைய இரண்டு புத்தகங்கள் இன்றைக்கும் என் அலுமாரியில் இருக்கின்றன. பதினைந்து வருசத்துக்குப் பிறகு அவனைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்றான். தேத்தண்ணி தந்தான், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினான், புத்தகத்தை மட்டும் தொடவில்லை.

அம்மம்மா சாகிறதுக்கு முந்திய வருசம் நான் அவரிடம் கேட்டேன், அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது என்று. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது என்றார். பெயர் என்ன அம்மம்மா என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பெயர் வரவில்லை. அந்தப் பிள்ளையின் தகப்பன் எங்கள் வளவில் என்ன வேலை செய்தார் என்பதுதான் ஞாபகத்தில் வந்தது.